விந்தணு கவுண்ட் 40 லட்சம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நேரே ஐ.வி.எஃப். தானா?

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | ஜனவரி 18, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். இன்றைக்கு எப்படியாவது போட்டுவிட வேண்டும்.

எனக்கு 31, மனைவிக்கு 27. கல்யாணமாகி நாலு வருஷம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுகிறேன். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை நின்றுவிட்டால் சில நாள் எட்டு, பத்து மணி நேரம் சீட்டை விட்டு இறங்க முடியாது. இன்ஜின் சூடு கால் வழியாக இடுப்பு வரை ஏறும்.

முதல் வருஷம் முடிந்ததுமே மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போக ஆரம்பித்தோம். ஸ்கேன், தைராய்டு, சாயம் ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே, அப்புறம் வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி. எல்லாம் நார்மல். நார்மல் என்று வர வர அவளுக்குப் பயம்தான் அதிகமாகிப் போனது. இந்த மூன்று வருஷத்தில் என்னை ஒரே ஒரு பரிசோதனைக்குக்கூட யாரும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. போன மாதம் வேறு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இதில் வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கேம்மா?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த டாக்டரம்மா மறுநாளே மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் ரிப்போர்ட்டை வேறொரு கருத்தரிப்பு சென்டரில் காட்ட வேண்டியதாகிவிட்டது.

ரிப்போர்ட்: அளவு 2.1 மில்லி. கவுண்ட் மில்லிக்கு 40 லட்சம். ஓட்டம் 18 சதவீதம். சரியான வடிவம் 2 சதவீதம்.

சென்டரில் ரிப்போர்ட்டைப் பார்த்த உடனே ஐ.வி.எஃப்., அதாவது டெஸ்ட் டியூப் குழந்தை முறை என்றார்கள், மார்ச்சில் ஆரம்பிக்க முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அம்மா சேர்த்து வைத்த நகை இருக்கிறது. ஆனால் எனக்கு இடது பக்க விதையில் கொஞ்ச நாளாக ஒரு கனம், சாயங்காலமானால் ஒரு இழுவை. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 40 லட்சம் என்றால் அவ்வளவுதானா?

---

நுண்ணோக்கி | ஜனவரி 19, காலை 6:15

தம்பி, நான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு லேபில் 22 வருஷமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துளியைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள், அதனால் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில், ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விந்தணு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, அதே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் மாறும். சில வாரம் இடைவெளி விட்டு இன்னொரு முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். கொடுப்பதற்கு முன் 2 நாளிலிருந்து 7 நாள் வரை இடைவெளி இருக்க வேண்டும். 15 நாள் அடக்கி வைத்தால் நிறைய வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடும், ஓட்டம் குறையும்.

அப்புறம், எப்படிக் கொடுத்தீர்கள்? எங்கள் லேபில் இதற்கென்று ஒரு சின்ன அறை, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. சில இடத்தில் பொதுக் கழிவறையைக் காட்டி "போய்க் கொடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். வெளியே வரிசை நிற்கும்போது ஒரு மனிதன் எப்படிக் கொடுப்பான்? பாதி கீழே சிந்திவிடும். சொல்ல வெட்கப்பட்டு மீதியைக் கொடுப்பார்கள். முதலில் வருகிற பகுதியில்தான் விந்தணு அதிகம். அது சிந்திப் போனால் கவுண்ட் குறைவாகத்தான் வரும். சிந்தினால் சிந்தியது என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் குறித்துக்கொள்வோம். எச்சில், எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது.

வீட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள். ஒருவர் திருவொற்றியூரிலிருந்து பைக் டிக்கியில் வைத்து, மே மாத வெயிலில், இரண்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்லைடில் ஒன்றுகூட அசையவில்லை. மறுவாரம் அவரையே லேபில் வந்து கொடுக்கச் சொன்னோம். பாதிக்கு மேல் ஓடியது.

இப்போது எண்களுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ் எல்லை இவை: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், ஓட்டம் 42 சதவீதம், அதில் முன்னேறி ஓடுவது 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்த எல்லை எப்படி வந்தது தெரியுமா? ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்தினால், நூறு பேரில் கடைசி ஐந்து பேர் நிற்கிற இடம் அது. அவர்களும் அப்பா ஆனவர்கள்தான். எல்லைக்குக் கீழே போனால் வாய்ப்பு குறையும், நாள் பிடிக்கும். கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வடிவம் 4 சதவீதம் என்று பார்த்ததும் "மீதி 96ம் ஊனமா அக்கா?" என்று அழுதவர்கள் உண்டு. இல்லை தம்பி. நல்ல ஆரோக்கியமான ஆணுக்கும் பெரும்பாலானவை தலை பெருத்தோ வால் மடங்கியோதான் இருக்கும்.

உங்கள் கணக்கு 2.1 மில்லியில் மொத்தம் 84 லட்சம். குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இடது பக்கக் கனம். நேரே யூராலஜிஸ்ட் என்கிற சிறுநீர்ப்பாதை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் உங்களை நிற்க வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். படுக்க வைத்துப் பார்த்தால் பாதி நேரம் தெரியாமல் போய்விடும்.

---

எண்ணூர்_வாசி | ஜனவரி 19, காலை 9:02

ப்ரோ பயப்படாதீங்க. எங்க சொந்தத்தில் ஒருத்தருக்கு 48 நாள் லேகியம் கொடுத்து சரியாச்சு. மாதத்தில் ரெண்டு நாள் லாட்ஜில் முகாம் போடுவார். நம்பர் தரேன்.

---

நெறியாளர் | ஜனவரி 19, காலை 9:30

கைபேசி எண் இருந்த பதிவு நீக்கப்பட்டது. வைத்தியர் எண்ணோ சென்டர் எண்ணோ இங்கே போட வேண்டாம்.

---

லோகோ_பெரம்பூர் | ஜனவரி 19, மதியம் 1:20

அந்த லாட்ஜ் முகாம் ஒன்றில் 60 ஆயிரம் விட்டவன் நான். கும்மிடிப்பூண்டி ரயில் பெட்டியில் கதவு மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் போனேன். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசில் கைப்பழக்கம் உண்டா?" ஆமாம் என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? அதைப் பிடித்துக்கொண்டார். நரம்பு தளர்ந்துவிட்டது, விந்து நீர்த்துவிட்டது என்று ஒரு வருஷம் பயமுறுத்தியே காசு வாங்கினார். அந்த ஒரு வருஷம் முழுக்க என்னை நானே வெறுத்தேன். கைப்பழக்கத்தால் விந்தணு அற்றுப் போகாது. இதை இவ்வளவு நேரடியாக ஒரு டாக்டர் எனக்குச் சொல்லவே 34 வயதாக வேண்டியிருந்தது.

என் விஷயம் வேறு. எனக்குப் பத்து வருஷமாகச் சுகர். உறவில் எல்லாம் சரி, ஆனால் கடைசியில் ஒன்றும் வெளியே வராது, வந்தாலும் ரெண்டு சொட்டு. சரியான டாக்டரிடம் போனதும், உறவு முடிந்த கையோடு சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். அதில் விந்தணு இருந்தது. சுகரில் நரம்பு பழுதாகி, மூத்திரப்பை வாயிலில் உள்ள வால்வு மூடாமல், விந்து முன்னால் வருவதற்குப் பதில் உள்ளே திரும்பிப் போகிறதாம். மாத்திரையில் எனக்குப் பாதி சரியானது. பிறகு சிறுநீரின் புளிப்பைக் குறைக்க மருந்து கொடுத்து, அதிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது பெண் குழந்தைக்கு மூன்று வயது. சுகர் இருக்கிறவர்கள் இந்த ஒன்றையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

---

வியாசை_பாக்ஸர் | ஜனவரி 19, இரவு 10:48

நான் எழுதுவதை ஜிம் போகிற தம்பிகள் படிக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் தெருவுக்கு ஒரு ஜிம், குத்துச்சண்டை கிளப், ஆணழகன் போட்டி எல்லாம் உண்டு. 24 வயதில் போட்டிக்காக ஊசி போட ஆரம்பித்தேன். என்ன ஊசி என்றுகூட ஒழுங்காகத் தெரியாது. மாஸ்டர் சொன்னார், போட்டேன். உடம்பு ரெண்டே மாதத்தில் ஏறியது. கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கு நிகர் நான்தான் என்று இருந்தது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து டெஸ்ட் எடுத்தேன். ஜீரோ. ஒன்றுகூட இல்லை. மார்பு 46 இஞ்ச், கையில் ஜீரோ ரிப்போர்ட். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் பைக்கை எடுக்காமல் நின்றேன்.

டாக்டர் என்னிடம் காகிதத்தில் வரைந்து காட்டினார். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால், "போதுமே, இவ்வளவு இருக்கிறதே" என்று விதைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடும். உத்தரவு நின்றால் விதையில் விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும், விதையே சுருங்கும். ரத்தத்தில் ஆண் ஹார்மோன் வழிகிறது, விந்தில் ஒன்றுமில்லை. இப்படி ஒரு நிலைமை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஊசியை அன்றே நிறுத்தினேன். எச்.சி.ஜி. என்று ஒரு ஊசி வாரம் மூன்று முறை போட்டார்கள். ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. பத்தாவது மாதம் 2 கோடியே 20 லட்சம். எனக்கு அதிர்ஷ்டம். சிலருக்கு இரண்டு வருஷம் வரை ஆகுமாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாமாம்.

இன்னொன்று. கவுண்ட் குறைவு என்று போனவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ எழுதிக் கொடுத்ததையும் என் நண்பன் ஒருவன் விஷயத்தில் பார்த்தேன். குழந்தை வேண்டும் என்கிறவன் அதைத் தொடவே கூடாது. யாராவது எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | ஜனவரி 20, அதிகாலை 1:15

படித்துக்கொண்டே இருக்கிறேன். மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அக்கா சொன்ன "நூறில் கடைசி ஐந்து பேர்" என்பதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள். திங்கட்கிழமை ஸ்டான்லியில் யூராலஜி பிரிவுக்குப் போகிறேன். வண்டிக்கு மாற்று டிரைவர் சொல்லியாகிவிட்டது.

---

கொருக்குப்பேட்டை_மலர் | ஜனவரி 20, காலை 11:05

ஆண்கள் மட்டும் எழுதுகிறீர்கள். மனைவி பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். தெருவில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் கடைசி வரிசையில் உட்காருவேன். வளையல் போட என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாமல் இருக்க ஆளுக்கு ஒரு சாக்கு. தண்ணீர் லாரியில் குடம் பிடிக்கும்போது "இன்னும் ஒன்னும் விசேஷம் இல்லையா?" என்பார்கள். குழந்தை இல்லாததற்கு ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்கிறார். ஆனால் பெண்ணுக்கு மலடி என்று ஒரு சொல்லை எடுத்து எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்கள்.

என் கணவருக்கு ஜீரோ. இரண்டு முறை எடுத்தும், விந்தை மெஷினில் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தும் ஜீரோ. ஜீரோவிலும் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, உற்பத்தி இருக்கும், வரும் வழி அடைத்திருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே விந்துக் குழாய் இருக்காது. அவர்களுக்கு ஊசியால் எடுத்துவிடலாம். இன்னொன்று, உற்பத்தியே இல்லை அல்லது மிகக் குறைவு. எப்.எஸ்.எச். என்கிற ஹார்மோனும் விதையின் பருமனும் பார்த்தால் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். இவருக்கு எப்.எஸ்.எச். அதிகம், விதை சின்னது. மரபணு பரிசோதனையில் ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. நல்ல உயரம், நல்ல குரல், கோயில் திருவிழாவில் பாடுவார்.

மைக்ரோஸ்கோப் வைத்து விதையைத் திறந்து, உள்ளே உற்பத்தி நடக்கிற சின்னச் சின்ன இடங்களைத் தேடும் அறுவை சிகிச்சை செய்தார்கள். சுமார் பாதிப் பேருக்குக் கிடைக்கும் என்றார்கள். நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில். டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றுவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் ஆறு மாதம் யாரிடமும் பேசவில்லை. அந்த ஆறு மாதம் நான் எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவில்லை. ஒருநாள் அவராகவே, "வேறொருவர் விந்தணு என்றால் உனக்குச் சம்மதமா?" என்றார். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு செய்த வங்கியிலிருந்துதான் வாங்க முடியும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், பிறக்கும் குழந்தை சட்டப்படி எங்கள் குழந்தை, கொடுத்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. இதையெல்லாம் அவரே விசாரித்து வைத்திருந்தார். இப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

தம்பி டிரெய்லர், உங்களுக்கு 40 லட்சம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய எண் என்று என்னைக் கேளுங்கள்.

---

காசிமேட்டுக்காரன் | ஜனவரி 21, மாலை 5:30

எங்களுக்கு ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் நார்மல், ஆனாலும் மூன்று வருஷம் தங்கவில்லை. நான் விசைப்படகு. ஒருமுறை போனால் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் கரை. வந்தால் மூன்று நாள் வீட்டில், அதிலும் ஒரு நாள் வலை வேலை. டாக்டர் ஒரு காலண்டர் கொடுத்து மனைவி தேதியையும் நான் கரையில் இருந்த தேதியையும் குறிக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் ரெண்டும் சேர்ந்து வந்திருந்தது. முட்டை வெளியே வந்தால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்குமாம், விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்குமாம். ஆகவே முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும்தான் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தது. வீட்டிலேயே இருந்தேன். ஜூலையில் விசேஷம். ஊசி இல்லை, மருந்து இல்லை.

டிரெய்லர் அண்ணே, நீங்களும் ராத்திரி ராத்திரி வெளியேதானே? அதையும் எண்ணிப் பாருங்கள்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | ஜனவரி 27, இரவு 9:50

போய் வந்தேன். நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "வேரிகோசில்" என்றார். இடது விதைக்கு மேலே ரத்தக் குழாய் வீங்கிச் சுருண்டிருக்கிறது. என் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். மடித்துப் போட்ட வலைக் கயிறு மாதிரி இருந்தது. இத்தனை நாள் என் உடம்பில் இருந்ததை நானே தொட்டுப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது: இடது பக்கக் குழாய் மேலே போய்ச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்கோணத்தில் சேருகிறது, அதனால் அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் வரும். உள்ளே உள்ள வால்வு பழுதானால் ரத்தம் கீழே தேங்கும். விதை உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும், அதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. தேங்கின ரத்தம் அதைச் சூடாக்கும். அதோடு வண்டிச் சூடும் சேர்ந்திருக்கலாம். பொதுவாக ஆண்களில் நூறில் 15 பேருக்கு இது இருக்குமாம். குழந்தை இல்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்குமாம். இருந்தும் குழந்தை பெற்றவர்கள் ஏராளம், அதனால் இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை. ஆனால் தொட்டால் தெரிகிற அளவுக்கு இருந்து, கவுண்டும் குறைந்து, குழந்தையும் தங்கவில்லை என்றால் சரி செய்வது நல்லது என்றார். மனைவிக்கு 27 என்றதும், "உங்களுக்கு நேரம் இருக்கிறது" என்றார். இந்த நாலு வருஷத்தில் எங்களுக்கு நேரம் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

---

மணலி_37 | ஜனவரி 28, காலை 8:10

மன்னிக்கவும், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். நானும் வேரிகோசில் ஆபரேஷன் செய்தேன். அப்போது மனைவிக்கு 37. ஆபரேஷன், அப்புறம் மூன்று மாதம், இன்னொரு மூன்று மாதம் என்று காத்திருந்து ஒரு வருஷம் போனது. கவுண்ட் கூடியது, ஆனால் அதற்குள் அவள் முட்டை இருப்பு குறைந்துவிட்டது. கடைசியில் ஒரு முட்டைக்குள் ஒரே விந்தணுவை ஊசியால் செலுத்துகிற இக்சி செய்தோம். 1992லேயே வந்த முறை, எங்களுக்கு அதை முதலிலேயே யாரும் சொல்லவில்லை. இரண்டு தடவை தோற்றோம். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

ஐ.வி.எஃப். என்றாலே ஏமாற்று என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மனைவி வயது 35ஐத் தாண்டிவிட்டால் கணக்கே மாறிவிடும்.

---

நுண்ணோக்கி | ஜனவரி 28, காலை 10:40

மணலி சார் சொல்வது முழு உண்மை. வயதை முதலில் பாருங்கள், அப்புறம்தான் மற்றது. 35 தாண்டிய மனைவி என்றால் ஒரு வருஷம்கூடக் காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

டிரெய்லர் தம்பி, ஆபரேஷனுக்கு அப்புறம் அவசரப்பட்டு ரிப்போர்ட் எடுக்காதீர்கள். ஒரு விந்தணு உருவாக 74 நாள், வெளியே வரும் பாதையில் முதிர இன்னும் ரெண்டு வாரம். இன்று நீங்கள் கொடுக்கும் துளி மூன்று மாதத்துக்கு முன் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ் எல்லாம் இன்றைக்கு விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சத்து மாத்திரை டப்பா டப்பாவாக விற்கிறார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது, குழந்தை பிறப்பு கூடவில்லை. அந்தக் காசுக்குப் பழம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | ஆகஸ்ட் 9, இரவு 8:30

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்தது. அடிவயிற்றுக்குக் கீழே ஒரு இஞ்ச் கீறல், மைக்ரோஸ்கோப் வைத்து வீங்கின குழாய்களை மட்டும் கட்டினார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன், மூன்று வாரம் வண்டி எடுக்கவில்லை. இப்போது வரிசையில் நிற்கும்போது மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கிறேன். கிளீனர் பையன் கேட்டான், முதுகு வலி என்றேன்.

நேற்று ரிப்போர்ட். கவுண்ட் 90 லட்சம், ஓட்டம் 31. டாக்டர் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். மனைவி ரிப்போர்ட்டை வாங்கி, பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

---

கொருக்குப்பேட்டை_மலர் | ஆகஸ்ட் 10, காலை 7:00

தம்பி, சந்தோஷம். எனக்கு மே மாதம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. இவர் ராத்திரியெல்லாம் பாடித்தான் தூங்க வைக்கிறார்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | செப்டம்பர் 21, இரவு 10:20

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது. சித்தப்பா பெண்ணுக்கு வளைகாப்பு, கொடுங்கையூரில். என் மனைவி பின்னால் சமையல்கட்டில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள், வழக்கம்போல. ஒரு அத்தை அம்மாவிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உன் மருமகளை எந்தக் கோயிலுக்கும் கூட்டிப் போகலையா?" என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் வாசலில் பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ச் சொன்னேன்: "அத்தை, குறை எனக்குத்தான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டது நான். அவளுக்கு ஒன்னுமில்லை."

ஒருவரும் பேசவில்லை. சித்தப்பா பெண்தான், கையெல்லாம் வளையலோடு மணையில் உட்கார்ந்தபடியே, "அண்ணி எங்கே? அண்ணியைக் கூப்பிடுங்க, எனக்கு அவங்க போடணும்" என்றாள். அம்மா எழுந்துபோய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வெற்றிலை ஈரம்கூடத் துடைக்காத கையோடு அவள் பச்சை வளையல் ரெண்டு போட்டாள்.

வரும் வழியில் வண்டியில் ஒன்றும் பேசவில்லை. தண்டையார்பேட்டை மெட்ரோ தாண்டும்போது முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

---

வியாசை_பாக்ஸர் | செப்டம்பர் 21, இரவு 11:02

அண்ணே. இதை நான் இன்னும் என் வீட்டில் சொல்லவில்லை. சொல்லப் போகிறேன்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | நவம்பர் 26, மாலை 6:45

அக்கா, ஒரு சந்தேகம். இந்த மாதம் 10ஆம் தேதி எடுத்த ரிப்போர்ட்டில் 1 கோடியே 40 லட்சம், ஓட்டம் 38 வந்தது. டாக்டர், விந்தைச் சுத்தம் செய்து நல்லதைப் பிரித்து நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற ஐ.யு.ஐ. ஒன்றிரண்டு முறை முயன்று பார்க்கலாம் என்றார், டிசம்பரில். ஆனால் போன வாரம் எனக்கு டெங்கு. நாலு நாள் 103 டிகிரி. இப்போது பரவாயில்லை. டிசம்பரில் கொடுக்கலாமா?

---

நுண்ணோக்கி | நவம்பர் 26, இரவு 7:30

முதலில் உடம்பு தேறட்டும் தம்பி. கஞ்சி, இளநீர் எல்லாம் ஒழுங்காக எடுங்கள். அந்தளவு காய்ச்சல் வந்தால் அடுத்த ரெண்டு, மூன்று மாதத்துக்குக் கவுண்டும் ஓட்டமும் இறங்கத்தான் செய்யும். டிசம்பரில் கொடுத்தால் குறைந்து வரும், நீங்கள் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்படுவீர்கள். டாக்டரிடம் காய்ச்சல் தேதியைச் சொல்லித் தள்ளிப் போடக் கேளுங்கள். பிப்ரவரி கடைசியில் ஒரு ரிப்போர்ட் எடுத்துவிட்டு அப்புறம் ஐ.யு.ஐ. செய்யலாமா என்று அவரே முடிவு செய்யட்டும். மனைவிக்கு 28தானே ஆகிறது, ரெண்டு மாதம் போனால் ஒன்றும் குடிமுழுகாது. நீங்கள் நடுவில் வீட்டில் இருக்கிற நாட்களை மட்டும் காசிமேட்டுத் தம்பி சொன்ன மாதிரி காலண்டரில் குறித்து வையுங்கள்.

---

டிரெய்லர்_தண்டையார்பேட்டை | நவம்பர் 26, இரவு 9:10

சரிக்கா. காலண்டரை அவள் ஏற்கெனவே சமையல்கட்டில் மாட்டிவிட்டாள். பொங்கலுக்கு வண்டி ஓடாது, அஞ்சு நாள் வீட்டில்தான்.